சட்னி வரிசை

மிக்சியைக் கழுவாமல் மூன்று சட்னி அரைக்கத் தெரியாத தமிழ் வீடு பினாங்கில் இருக்காது. தேங்காய்ச் சட்னி முதலில். அடுத்தது கொத்தமல்லியோ புதினாவோ. அப்புறம் தக்காளி. மிளகாய் போட்டு அரைக்கிற குழம்பு மசாலா கடைசி. இதை மாற்றிச் செய்தால் தேங்காய்ச் சட்னி ரோஸ் நிறத்தில் வரும், காரமும் ஏறும். இல்லையென்றால் நடுநடுவே கழுவ வேண்டும். கழுவினால் தண்ணீரும் போகும், ஒட்டியிருக்கிற சட்னியும் போகும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சமையலறையில் நிற்கிற யாருக்கும் கை தானாகச் செய்கிற வேலைதான் இது.

இதே வரிசையை பெக்டரியில் சொன்னதற்கு எனக்கு "சட்னி அக்கா" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவர் விற்பனைப் பிரிவு அண்ணன். கேலிக்குத்தான் வைத்தார். நான் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன். கூப்பிடுகிறவர் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

மாக் மண்டினில் வாளி, பேசின், மூடி போட்ட டப்பா எல்லாம் செய்கிற பிளாஸ்டிக் பெக்டரி அது. பல வருஷமாக ஜார்ஜ் டவுனிலிருந்து மோட்டர் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக் கடல் தாண்டிப் போய்வருகிறேன். எந்த மெஷினில் எந்த வாளி, என்ன நிறம், எது முன்னே எது பின்னே என்று வெள்ளைப் பலகையில் எழுதுவது என் வேலை. நான் அந்த மேசைக்கு வந்த புதிதில் கை என்னுடையது, வரிசை விற்பனை அண்ணனின் கைப்பேசியுடையது. எந்தக் கடைக்காரர் காலையில் பெரிதாகக் கத்துகிறாரோ அவருடைய நிறம் முதலில் ஓடும். சிவப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வருவார். "அக்கா, வெள்ளை அவசரம்லா, இப்பவே போடுங்க." வெள்ளை பாதியில் நீலம். நீலத்துக்குப் பின்னால் மஞ்சள்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றும். மெஷினுக்குள் நீளமாக ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. பிளாஸ்டிக் மணிகள் அதற்குள் உருகித்தான் அச்சுக்குப் போகும். சிவப்பை நிறுத்தி வெள்ளை மணியைக் கொட்டினால் உடனே வெள்ளை வாளி வராது. குழாயில் ஒட்டியிருக்கிற சிவப்பு முழுதும் வெளியேறுகிறவரை வெள்ளையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளியதெல்லாம் சூடான களி மாதிரி கீழே விழுந்து, ஆறி, கல்லாகிவிடும். நாங்கள் அதைக் கட்டி என்போம். வெள்ளையும் இல்லாத சிவப்பும் இல்லாத அந்தக் கட்டியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பூமிக்கடியில் தோண்டி எடுத்த எண்ணெயைக் காய்ச்சி, மணியாக்கி, கப்பலில் ஏற்றி, மூட்டை மூட்டையாக எங்கள் வாசலில் இறக்குகிறார்கள். நாங்கள் அதை ஒரு நாள்கூட வாளியாக வாழவிடாமல் பின்கட்டில் எறிந்துகொண்டிருந்தோம். சோற்றைக் கீழே கொட்டுகிறவரைப் பார்த்தால் வயிறு எரியுமே, அந்தக் குவியலைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் எரியும்.

ஒரு நாள் பலகையைத் துடைத்துவிட்டு எல்லா மெஷினுக்கும் ஒரே வரிசை எழுதினேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போனால் குழாயில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தள்ள வேண்டியதும் குறைவு.

"இது என்னக்கா, சமையல் குறிப்பா?" என்றார் அண்ணன். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் பெரியவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

"ஆமாண்ணே. உங்க வீட்டுல அண்ணி தேங்காய்ச் சட்னிய முதல்ல அரைப்பாங்களா, மசாலாவ முதல்ல அரைப்பாங்களா? போய்க் கேட்டுட்டு வாங்க."

கேட்டாரோ இல்லையோ, பட்டப்பெயர் மட்டும் மறுநாள் காலையில் தயாராக இருந்தது. கத்துகிற கடைக்காரர்களை நானே கூப்பிட்டுப் பேசினேன். உங்கள் வெள்ளை திங்கட்கிழமை வரும், அதுவரை இருக்கிறதை விற்றுக்கொள்ளுங்கள் என்றேன். வாளிக்காக இரண்டு நாள் காத்திருந்து எந்தக் கடையும் மூடிப்போகவில்லை. பின்கட்டில் குவியல் குறைந்தது. எங்கள் சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் ஒருமுறை அங்கே போய் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாராட்டியதாக அர்த்தம்.

ஆனால் ஒரு கட்டியை மட்டும் என் சட்னி வரிசையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுற்று கறுப்பில் முடிகிறது. அடுத்த சுற்று வெள்ளையில் தொடங்க வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வர மூட்டை மூட்டையாகத் தள்ள வேண்டும். மற்ற எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு கட்டிக்கு ஈடாகாது. மாதத்துக்கு ஒரு தடவை பழைய சாமான்காரர் லாரியில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார். எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சுங்கை பாக்காப்பில் என் தங்கை வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அது எங்கே போகிறது என்று தெரிந்தது. தங்கை வீட்டுக்குப் பின்னால் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம். அதன் ஓரத்து வாய்க்காலில் குவித்துக் கொட்டியிருந்தார்கள். கொஞ்சத்தை எரித்தும் பார்த்திருக்கிறார்கள், மண் கறுத்துக் கிடந்தது. முதலில் யாருடைய குப்பையோ என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு பச்சைக் கட்டி கண்ணில் பட்டது. எங்கள் பெக்டரியில் பச்சை நிறமே கிடையாது. நீலத்துக்குப் பின்னால் மஞ்சளை நுழைத்த காலத்தில் மட்டும் இந்தப் பச்சை வரும். திருப்பிப் பார்த்தேன். அதில் ஒட்டிக்கொண்டிருந்த உடைந்த வாளிக் காது எங்கள் அச்சில் வந்தது. சந்தேகமே இல்லை, நான் பலகையில் எழுதியதால் பிறந்த பிள்ளை. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

காலேஜில் படிக்கிற தங்கை மகள் பக்கத்தில் நின்றாள். "பெரியம்மா, பிளாஸ்டிக் பெக்டரில வேலை பார்த்துக்கிட்டு இதுக்குப் போய்க் கோவப்படுறீங்க. பிளாஸ்டிக்கே வேணாம்னு சொல்லணும்."

"தண்ணி நின்னா எதுலம்மா பிடிச்சு வைப்ப? உன் கையிலயா?" என்றேன். போன முறை பினாங்கு முழுக்கக் குழாயில் தண்ணீர் நின்றுபோனபோது அவள் வீட்டிலும் வாளிக்குத்தான் அலைந்தார்கள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. செய்கிறோமா, எடுத்த பொருள் முழுதும் உருப்படியாக ஆக வேண்டும்.

அந்தப் பச்சைக் கட்டியை மோட்டரில் கட்டிக் கொண்டுவந்து திங்கட்கிழமை தவுக்கேயின் மேசையில் வைத்தேன். நாங்கள் பேசிக்கொள்வது மலாய் பாதி, ஆங்கிலம் பாதி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"என்ன இது?" என்றார்.

"நம்ம வீட்டுப் பிள்ளைதான் தவுக்கே. காட்டுல தனியா அழுதுக்கிட்டு இருந்துச்சு. கூட்டிட்டு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நான் கேட்க வந்ததைக் கேட்டேன். மூலையில் ஒரு பழைய மெஷின் சும்மா நிற்கிறது. அதை எனக்குக் கொடுங்கள். கறுப்பு இனி அதில் மட்டும்தான் ஓடும், வேறு எந்த நிறமும் அதில் ஓடாது. நிறம் மாற்றவே மாட்டோம், அதனால் அதில் கட்டியே வராது. மற்ற மெஷின்களில் வருகிற எல்லா நிறக் கட்டியையும் அரைத்துக் கறுப்பு மை கலந்து அதிலேயே போடலாம். எந்தக் கட்டியும் பெக்டரி வாசலைத் தாண்டாது.

விற்பனை அண்ணனும் அங்கே இருந்தார். "கறுப்பா? அக்கா, கறுப்பா இருந்தா யாரு எடுப்பா?"

எடுப்பது என்றால் எங்கள் பெக்டரியில் கடைக்காரர் சரக்கு வாங்குவது. ஆனால் இதே வார்த்தையை நான் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன். சுங்கை பாக்காப்பில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த நாளில், அம்மா என் முகத்தில் ஒரு டப்பா பவுடரையும் கொட்டி உட்கார வைத்தாள். வந்தவர்களில் ஒரு அம்மா வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "இவ்வளவு கறுப்பா இருந்தா யாரு எடுப்பா?" தங்கையைக் கேட்டார்கள். தங்கை நல்ல நிறம். பெரியவள் இருக்க சின்னவளுக்கா என்று ஒரு வாரம் அழுதுவிட்டு அம்மா சம்மதித்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆனால் அந்த வார்த்தை மட்டும் எங்கே யார் வாயிலிருந்து வந்தாலும் எனக்கு முகம் சூடாகிவிடும்.

அந்தச் சூட்டில்தான் நான் யோசிக்காமல் பேசினேன். "சீனப் புத்தாண்டு வரைக்கும் குடுங்க தவுக்கே. அதுக்குள்ள பின்கட்டு காலியாகும். அப்புறமும் ஒரு கட்டி அங்க கிடந்துச்சுன்னா, அந்த மெஷினையும் வித்துடுங்க, நானும் கிளம்பிடுறேன்."

தவுக்கே என்னையும் கட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி" என்றார். கட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், தானாகச் சாத்திக்கொள்கிற அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

அன்று ஃபெரியில் திரும்பும்போதுதான் யோசித்தேன். ஐம்பதை நெருங்குகிற ஒருத்தியை வேறு எந்த பெக்டரி கூப்பிட்டு வேலை கொடுக்கும்? வாடகை வீடு. பின்னால் நிற்க ஆளில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

முதலில் வந்த கறுப்பு வாளிகள் என் மானத்தை வாங்கின. பார்க்க நன்றாகத்தான் இருந்தன, பளபளவென்று. மெஷின் பார்க்கிற டெக்னீஷியன் மலாய்க்காரர். நான் அவரை மலாயில் அபாங், அண்ணன், என்று கூப்பிடுவேன், அவர் என்னை காக், அக்கா, என்பார். ஒரு வாளியில் மணலை நிரப்பித் தூக்கினார். காது படக்கென்று முறிந்து மணல் காலில் கொட்டியது. "பெச்சா, காக்" என்றார், உடைந்துவிட்டது என்று. அடுத்ததும் பெச்சா. அதற்கடுத்ததும். அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "சட்னி உறைக்கலயே அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிறத்தையே பார்த்துப் பார்த்து எனக்குக் கண் கெட்டுப்போயிருந்தது. வாளி ஒரு வகைப் பிளாஸ்டிக், மூடி வேறொரு வகை. மூடி வளைய வேண்டும், வாளி விறைப்பாக நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அரைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. வெல்லப் பாகும் புளிக்கரைசலும் ஒரே நிறம்தானே என்று ஒரே பானையில் ஊற்றிய கதை. அபாங்தான் இரண்டு துண்டை வளைத்துக் காட்டிச் சொன்னார். ஆனால் கல்லாக ஆறிப்போன கட்டியில் எது வாளி, எது மூடி என்று அவராலும் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஆறிய பிறகுதானே தெரியாது, பிறக்கும்போது தெரியுமே. கட்டி சூடாகக் கீழே விழுந்தவுடன் ஒரு கம்பியால் அதன் மேலே கீறச் சொன்னேன். வாளி மெஷினில் விழுந்தால் "வா". மூடி மெஷினில் விழுந்தால் "மூ". மெஷின் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் அந்த இரண்டு எழுத்தையும் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் "மூ"வுக்குச் சுழி போடும்போது யானைத் தும்பிக்கை மாதிரி இழுத்துவிடுவார், பரவாயில்லை, புரிந்தது. ஏற்கெனவே கிடந்த பழைய கட்டிகளை நானும் அபாங்கும் ஒவ்வொன்றாக ஓரத்தைச் சீவி, வளைத்துப் பார்த்துப் பிரித்தோம். வாளிக் கட்டி கறுப்பு வாளி ஆனது. மூடிக் கட்டி கறுப்பு மூடி ஆனது. மணல் நிரப்பித் தூக்கியபோது காது முறியவில்லை. அபாங் அந்த வாளியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

யார் எடுப்பார்கள் என்ற கேள்விக்கும் பதில் வந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். சிமெண்ட் கலக்கிறவருக்கு வாளி எந்த நிறமாக இருந்தால் என்ன, காது தாங்க வேண்டும். கடைக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். பிறகு அண்ணனிடம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து அண்ணனே கடை கடையாகப் போய் விற்றார், நல்லாவே விற்றார். பட்டப்பெயரை மட்டும் விடவில்லை.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் தவுக்கே பின்கட்டுக்கு வந்தார். தரை கூட்டி, தண்ணீர் அடித்துக் காய்ந்திருந்தது. ஒரு கட்டி கூட இல்லை.

"ஒண்ணு பாக்கி இருக்கு தவுக்கே, உங்க கதவுல" என்றேன். அரைக்கக் கேட்டேன். தர மாட்டேன் என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். அது தப்பு. விடுமுறை முடிந்து பெக்டரி திறக்கிற நாளை மறந்துவிட்டேன்.

எங்கள் பெக்டரியில் அந்த நாளில் எல்லா மெஷினிலும் முதலில் சிவப்புத்தான் ஓடும். தவுக்கேயின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சிவப்பு வந்தால் வருஷம் முழுக்க நல்லது. வாசலில் பட்டாசு வெடித்து, ஆளுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழமும் பணம் வைத்த சிவப்பு உறையும் கொடுப்பார்கள். தவுக்கே வரிசையாக ஒவ்வொரு மெஷினையும் தொட்டுத் தொடங்கிவைப்பார். மற்ற மெஷின்களில் சிவப்பு ஓடுவதற்கு நானே திட்டம் போட்டிருந்தேன். அது அவர்கள் நம்பிக்கை, அதில் மூக்கை நுழைக்க நான் யார்? ஆனால் மூலை மெஷினுக்குப் பக்கத்திலும் யாரோ சிவப்பு மணி மூட்டையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

நான் மூட்டைக்கும் மெஷினுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"இதுல கறுப்புதான்" என்றேன்.

அண்ணன் ஓடி வந்தார். "அக்கா, நல்ல நாள்லா. இன்னைக்கு ஒரு நாள் சிவப்பு ஓடட்டும். கறுப்பு எப்படி? நம்ம வீட்டு விசேஷத்துக்கே கறுப்பு கட்ட மாட்டோம்."

"கட்ட மாட்டோம், தெரியும்ணே. கறுப்பா இருக்கிறவள விசேஷத்துல எங்க உட்கார வைப்பாங்கன்னும் தெரியும்."

அதற்குள் தவுக்கே வந்துவிட்டார். "முதல் நாளே கறுப்பா? சுவே" என்றார். பினாங்கில் எல்லாருக்கும் தெரிந்த ஹொக்கியன் சொல், அபசகுனம் என்று அர்த்தம். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. கோபக்காரரோடு என்னால் சண்டை போட முடியும். பயந்தவரோடு எப்படிப் போடுவது?

"தவுக்கே, இவ்வளவு மாசமா கறுப்பு ஓடின குழாய் இது. சிவப்பு வர்றதுக்குள்ள மலையளவு கட்டி விழும், அதை அரைச்சுப் போடக் கறுப்பு மெஷினும் இருக்காது. நாளைக்கு மறுபடி பழைய சாமான் லாரி வரும். நான் சொன்ன வார்த்தைப்படி நான் கிளம்பணும். நல்ல நாள்ல என்னை அனுப்பிட்டுச் சிவப்பு ஓட்டப் போறீங்களா?"

அவர் சிவப்பு மூட்டையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதுவிடக் கூடாது என்று நினைத்து, கைக்கு ஏதாவது வேலை கொடுப்பதற்காக மெஷினின் மேல்தொட்டி மூடியைத் திறந்தேன். உள்ளே அரைத்த கட்டித் துகள்கள், இன்னும் மை கலக்காதவை. ஒரு கை அள்ளினேன். கோலப்பொடியைச் சேர்த்துக் கொட்டிய மாதிரி எல்லா நிறமும் இருந்தது. அப்போதுதான் எனக்கே அது தோன்றியது.

"இங்க பாருங்க தவுக்கே. போன வருஷம் நீங்க தொட்டுத் தொடங்கின மெஷின்கள்ல விழுந்த சிவப்பு இதுலதான் இருக்கு. இந்த மெஷின் ஓட ஆரம்பிச்சதிலிருந்து ஒரு துகள்கூட வெளிய போகல. வெளிய பார்த்தாத்தான் கறுப்பு. உள்ள உங்க சிவப்பு அவ்வளவும் இருக்கு."

தவுக்கே என் உள்ளங்கையிலிருந்து ஒரு சிவப்புத் துகளை விரலால் பொறுக்கி எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார். இன்னொன்றைப் பொறுக்கினார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு தன் கையால் மெஷினின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி, "ஜாலான்லா" என்றார். நடக்கட்டும் என்று. அபாங் பொத்தானை அமுக்கினார்.

அன்று அந்த மெஷினில் விழுந்த முதல் வாளியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மோட்டரில் மாட்டி ஃபெரியில் வரும்போது பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "வீட்டுக்கா அக்கா? கறுப்பா இருக்கே" என்றாள்.

"ஆமாம்மா, என்னை மாதிரியே" என்றேன். ஆரஞ்சுப் பழத்தில் ஒன்றை அவளிடம் கொடுத்தேன்.

அந்த வாளி இப்போது என் குளியலறையில் இருக்கிறது. தினமும் அதில்தான் தண்ணீர் பிடித்துக் குளிக்கிறேன். தண்ணீர் இன்னும் கறுக்கவில்லை. நானும் வெளுக்கவில்லை.